140 செ.மீ., 40 கிலோ... உங்கள் பிள்ளையின் எடை சரியா? புறநகர்ப் பெற்றோர்கள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு!

உங்கள் பையனுக்கு 10 வயது. உயரம் 140 சென்டிமீட்டர், எடை 40 கிலோ. கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும், பள்ளிக்கூட பேன்ட் இடுப்பில் லேசாக இறுக்கும். மற்றபடி பார்க்க நல்லாத்தான் இருப்பான். பள்ளி வேனில் கூட வரும் பையனும் கிட்டத்தட்ட இதே சைஸ். இருந்தாலும் மனசுக்குள் ஒரு சந்தேகம் வந்து, ராத்திரி போனில் ஒரு பி.எம்.ஐ கால்குலேட்டரைத் திறந்து உயரத்தையும் எடையையும் தட்டுகிறீர்கள். 20.4 என்று வருகிறது. பச்சை நிறத்தில் 'நார்மல்' என்று ஒரு டிக். அப்பாடா என்று போனை வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுகிறீர்கள்.

அந்த டிக்கை நம்பாதீர்கள். அந்தக் கால்குலேட்டர் உங்களுக்கானது, உங்கள் பிள்ளைக்கானது அல்ல.

எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) இரண்டு முறை வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. பெரியவர்களுக்கு அந்த எண்ணை அப்படியே படிக்கலாம். குழந்தைகளுக்கு அப்படிப் படிக்க முடியாது. வளர வளர உடம்பின் அமைப்பே மாறிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு வயதுக்கும், ஆண் பெண் என்று தனித்தனியாகவும் அளவுகோல் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி 10 வயது ஆண் குழந்தைக்கு 18.5-ஐத் தாண்டினாலே அதிக எடை. 21.4-ஐத் தாண்டினால் உடல் பருமன். பெண் குழந்தைக்கு அதே வயதில் இந்த இரண்டு எண்களும் 19.0, 22.6.

அதாவது, 140 சென்டிமீட்டர் பையன் 36 கிலோவைத் தாண்டியபோதே முதல் கோட்டைத் தாண்டிவிட்டான். 42 கிலோவில் இரண்டாவது கோடு காத்திருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை: பெரியவர்களுக்கு 18.5-க்குக் கீழே போனால் 'எடை போதாது, நல்லா சாப்பிடுங்க' என்பார்கள். அதே 18.5, பத்து வயதுப் பையனுக்கு 'எடை கூடுது, பார்த்துக்கோங்க' என்று சொல்லும் எண். போன் ஆப் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. வயதைக் கேட்காத எந்த பி.எம்.ஐ கால்குலேட்டரையும் குழந்தைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர்?

சரி, இது ஏதோ ஒன்றிரண்டு வீட்டுப் பிரச்னையா, இல்லை பரவலாகவே இருக்கிறதா?

இதற்குச் சென்னையிலேயே நல்ல கணக்கு ஒன்று உண்டு. நீரிழிவு மருத்துவர் வி.மோகன் உள்ளிட்ட மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளைக் குழு, சென்னையில் 51 பள்ளிகளில் (31 தனியார், 20 அரசு) 6 முதல் 17 வயது வரை 18,955 மாணவர்களை அளந்து பார்த்தது. முடிவு 2014-ல் 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியானது. சர்வதேச அளவுகோலின்படி தனியார் பள்ளிகளில் அதிக எடையும் பருமனும் சேர்த்து 21.4 சதவிகிதம். அரசுப் பள்ளிகளில் 3.6 சதவிகிதம்.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பார்ப்போம். 40 பேர் படிக்கும் தனியார் பள்ளி வகுப்பில் எட்டு, ஒன்பது பேர். அரசுப் பள்ளி வகுப்பில் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர். ஒரே நகரம், ஒரே வெயில், பெரும்பாலும் ஒரே அரிசிச் சோறு. நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம்.

இதே ஆய்வில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இந்தியக் குழந்தைகளுக்கென்றே உருவாக்கிய அளவுகோலை வைத்து (டாக்டர் காடில்கர் குழுவினருடையது) அதே பிள்ளைகளைக் கணக்கிட்டபோது, தனியார் பள்ளிகளின் எண் 26.4 சதவிகிதமாகவும், அரசுப் பள்ளிகளின் எண் 4.6 சதவிகிதமாகவும் ஏறியது. பிள்ளைகள் மாறவில்லை, அளக்கும் கோல்தான் மாறியது. செய்திகளில் ஒரு நாள் 'ஐந்தில் ஒருவர்' என்றும் இன்னொரு நாள் 'நான்கில் ஒருவர்' என்றும் படித்துக் குழம்பியிருந்தால், பாதிக் காரணம் இதுதான்.

இந்தியக் கோல் ஏன் கறாராக இருக்கிறது? நம் உடம்பு அப்படி. 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு சுவாரஸ்யமான ஒரு பக்கக் கட்டுரை வந்தது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கின் இருவரும் தங்களையே அளந்துகொண்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ அச்சு அசலாக 22.3. ஆனால் உடம்பில் இருந்த கொழுப்பு, யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், யாஜ்னிக்குக் 21.2 சதவிகிதம். ஒல்லியாகத் தெரியும் இந்திய உடம்புக்குள்ளும் கொழுப்பு கூடுதல், அதுவும் வயிற்றைச் சுற்றி. அதனால்தான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2015 வளர்ச்சி அட்டவணையில், 5 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான எச்சரிக்கைக் கோடுகள், பெரியவர்களின் 23, 27 என்ற எண்களுக்கு ஈடாகத் தாழ்த்திப் போடப்பட்டிருக்கின்றன. உங்கள் குழந்தை மருத்துவரிடம் பெரும்பாலும் இந்த அட்டவணைதான் இருக்கும்.

'அது சென்னைக் கணக்கு. நாங்க தாம்பரம் மாநகராட்சி ஆச்சே' என்கிறீர்களா? 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் சில பேரூராட்சிகளையும் சேர்த்து மாநகராட்சி ஆனதென்னவோ உண்மை. ஆனால் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் வரை இன்று நிரம்பியிருக்கும் வாழ்க்கை எது என்று பாருங்கள். இரண்டு சம்பளம், இ.எம்.ஐ போட்டு வாங்கிய ஃப்ளாட், தனியார் பள்ளி, மஞ்சள் வேன். 21.4 சதவிகிதம் இருந்த பக்கம் அதுதானே?

அரசுப் பள்ளி ஏன் தப்பித்தது?

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த 3.6 சதவிகிதம் முழுக்கச் சந்தோஷப்பட வேண்டிய எண் அல்ல. அதன் பின்னால் வறுமையும் இருக்கிறது. 2016-18-ல் மத்திய அரசு நடத்திய குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், நாடு முழுக்க 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளில் 5 சதவிகிதம் பேர் அதிக எடை, 24 சதவிகிதம் பேர் வயதுக்கேற்ற எடை இல்லாத ஒல்லி. நாட்டின் பெரிய கவலை இன்னமும் ஒல்லிதான். ஆனால் அதே கணக்கெடுப்பில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் முந்தைய நிலை தெரிந்தது.

வறுமையைத் தாண்டியும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குச் சில விஷயங்கள் சாதகமாக இருக்கின்றன. பெரும்பாலும் பள்ளி நடக்கிற தூரத்தில் இருக்கும். மதியம் சத்துணவில் சூடான சோறு, கூடவே முட்டை. தொடக்கப் பள்ளி என்றால் காலையிலும் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று ஏதோ ஒன்று, காய்கறி சாம்பாரோடு. 2022 செப்டம்பரில் தொடங்கிய இந்தத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. குறிப்பிட்ட நேரத்தில், உட்கார்ந்து, மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடும் சமைத்த சாப்பாடு. இதைப் பணம் கட்டிப் படிக்கும் எத்தனை பிள்ளைகளுக்கு நம்மால் கொடுக்க முடிகிறது என்று யோசித்தால் கொஞ்சம் உறுத்தும்.

நம்ம பக்கத்துப் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? வேன் ஏழு மணிக்கு. வேளச்சேரி ரோடு டிராஃபிக்கைக் கணக்குப் போட்டு ஆறே முக்காலுக்கே வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் இட்லி இறங்காது. ஒரு டம்ளர் பால், அதில் இரண்டு ஸ்பூன் சத்து மாவு, மேலே சர்க்கரை, கையில் இரண்டு பிஸ்கட். இடைவேளைக்கு க்ரீம் பிஸ்கட்டோ சிப்ஸோ. மதியம் லன்ச் பாக்ஸ் பாதி திரும்பி வரும். மாலை நாலரைக்குப் பசியோடு வரும் பிள்ளை கேட்பது பஃப்ஸ், நூடுல்ஸ். அடுத்து டியூஷன். ஏழரைக்கு வீடு. அம்மாவும் அப்பாவும் ஓ.எம்.ஆரிலிருந்தோ கிண்டியிலிருந்தோ வந்து சேர எட்டு. ஒன்பதரைக்கு நாளின் முதல் முழுச் சாப்பாடு. சனிக்கிழமை ஷவர்மா, பரோட்டா, ஃப்ரைட் சிக்கன். அதுவும் ஆர்டர் போட்ட அரை மணியில் வாசலுக்கே வந்துவிடும்.

இதில் ஓடியாடும் நேரம் எங்கே இருக்கிறது? பி.டி பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கிற கதை. அபார்ட்மென்ட் கீழே ஆடலாம் என்றால் கார் பார்க்கிங், 'பந்து விளையாடாதீர்கள்' போர்டு. காலி மனையெல்லாம் கட்டடமாகிவிட்டது. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். நடப்பவர்கள் அதிகமும் பெரியவர்கள், டாக்டர் சொல்லி நடப்பவர்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குத் தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மேலே சொன்ன நாளில் அந்த 60 நிமிடத்தைத் தேடிப் பாருங்கள்.

ஆக, பிள்ளை 'வாயைக் கட்டாததால்' குண்டாகவில்லை. அப்படி ஒரு நாளை நாம்தான் அமைத்துக் கொடுத்திருக்கிறோம். அதில் அவனோ அவளோ தேர்ந்தெடுத்தது பஃப்ஸா நூடுல்ஸா என்பதை மட்டும்தான்.

ஒல்லிக்குப் பயந்த ஊர்

இதை நாம் சீக்கிரம் கவனிக்காததற்குக் காரணம் இருக்கிறது. தாம்பரம் என்றால் ஒரு காலத்தில் நினைவுக்கு வந்தது சானடோரியம். 1928-ல் டாக்டர் டேவிட் சவுரி முத்து காச நோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை அது. அந்தப் பெயரில் ரயில் நிலையமே இருக்கிறது. காச நோய்க்கு நம் பாட்டிகள் வைத்த பெயர் எலும்புருக்கி. பிள்ளை மெலிந்தால் உயிருக்கே ஆபத்து என்ற பயம் அவர்களுக்கு வெறும் மூடநம்பிக்கையல்ல, கண்ணால் பார்த்த அனுபவம். 'புள்ள தேறவே இல்லையே' என்று கவலைப்பட்டதும், கொழுகொழுவென்றிருந்தால் திருஷ்டி சுற்றிப் போட்டதும் அதனால்தான்.

அந்தப் பயம் நமக்கும் வந்துவிட்டது, காலம்தான் மாறிவிட்டது. 1990-ல் இந்தியாவில் 5 முதல் 19 வயதுக்குள் உடல் பருமன் இருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2022-ல் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று 'லான்செட்'டில் வந்த உலகளாவிய ஆய்வு சொல்கிறது. இது பருமன் மட்டும். அதற்கு முந்தைய நிலையான அதிக எடை இதில் சேரவில்லை. உலக அளவில், பள்ளி வயதுப் பிள்ளைகளில் எடை குறைந்தவர்களைவிடப் பருமனானவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது. 9.2-க்கு 9.4 சதவிகிதம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் தராசு சாய்ந்தது வரலாற்றில் இதுதான் முதல் முறை.

வீட்டுக்குள்ளேயும் நம் கண் பழகிப்போயிருக்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம். ஐந்தே ஆண்டு இடைவெளியில் எடுத்த அடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 40.4 சதவிகிதம். ஆண்கள் 28.2-லிருந்து 37. சுற்றியிருக்கிற எல்லாருமே கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால், அதுதான் 'சரியான சைஸ்' என்று மனசு முடிவு செய்துவிடும். சரியான எடையில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து 'ஏன் இப்படி எலும்பும் தோலுமா இருக்கான்' என்று உறவினர் கேட்பதும் இதனால்தான். ஆகவே கண்ணை நம்பாமல் டேப்பையும் தராசையும் நம்புங்கள்.

கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

ஒரு விஷயத்தை மட்டும் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளையின் பின் கழுத்தில் கறுப்பாக, வெல்வெட் துணிபோல் தடித்து ஒரு பட்டை தெரியும். அக்குளிலும் இருக்கலாம். 'சரியாக் குளிக்கிறதில்ல' என்று அம்மா பீர்க்கங்கூடால் தேய்ப்பார், கடலை மாவு, எலுமிச்சை எல்லாம் போடுவார். போகாது. ஏனென்றால் அது அழுக்கே அல்ல. உடம்பில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாதபோது, கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. அந்தக் கூடுதல் இன்சுலின் தோலின் செல்களைத் தூண்டி வளரவைக்கிறது. அதுதான் அந்தக் கறுப்புப் பட்டை. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகள் முன்னாலேயே உடம்பு அனுப்பும் நோட்டீஸ். தேய்த்தால் தோல்தான் புண்ணாகும். எடை சீரானால் தானாக மங்கும்.

இரண்டாவது, ரத்த அழுத்தம். மேலே சொன்ன சென்னை ஆய்விலேயே, எடை சரியாக இருந்த வளரிளம் பருவத்தினரில் 5.2 சதவிகிதம் பேருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது. அதிக எடை உள்ளவர்களில் 20.4 சதவிகிதம். ஐந்தில் ஒருவர்! பிள்ளைகளுக்கு பி.பி பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அடுத்த முறை காய்ச்சலுக்கு டாக்டரிடம் போகும்போது கேட்டுப் பாருங்கள். குழந்தைக்கேற்ற சின்ன பட்டை கட்டிப் பார்ப்பார்.

இவை தவிர, ராத்திரி சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு முட்டுவது, பகலில் வகுப்பில் தூங்கி வழிவது, நடக்கும்போது இடுப்போ முழங்காலோ வலித்து நொண்டுவது, பெரியவளான பெண்ணுக்கு மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போவது. இதில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். குறிப்பாக இடுப்பு வலியோடு நொண்டும் பிள்ளையை அன்றைக்கே காட்டுங்கள். எடை கூடிய வளரிளம் பிள்ளைகளுக்குத் தொடை எலும்பின் தலைப்பகுதி நழுவும் ஒரு பிரச்னை உண்டு, காத்திருக்கக் கூடாத விஷயம் அது. தனியார் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றில்லை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலும், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

'தைராய்டா இருக்குமோ?' இந்தக் கேள்வி எல்லா வீட்டிலும் வரும். வீட்டிலேயே ஓரளவு யூகிக்க ஒரு வழி உண்டு. ஹார்மோன் கோளாறால் எடை போடும் பிள்ளை பொதுவாக உயரம் வளராது, வகுப்பில் குட்டையாக நிற்கும். சாப்பாட்டாலும் உட்கார்ந்தே இருப்பதாலும் எடை போடும் பிள்ளை, வயதுக்குச் சராசரியாகவோ கொஞ்சம் கூடுதலாகவோ உயரமாக இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாவது வகைதான். உயரம் நின்றுபோயிருந்தால் அவசியம் டெஸ்ட் எடுங்கள்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற வசனம்: 'வயசுக்கு வந்தா எல்லாம் சரியாயிடும்'. சில பிள்ளைகளுக்கு ஆகும். ஆனால் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான கணக்குப்படி, பருமனான குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பருமனாகவே வளரிளம் பருவத்துக்குள் போகிறார்கள். பருமனான வளரிளம் பருவத்தினரில் பத்தில் எட்டுப் பேர் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள். எட்டு வயதில் சரிசெய்வது சுலபம், பதினாறில் கஷ்டம் என்று இதற்கு அர்த்தம்.

எடையைக் குறைக்க வேண்டாம், நிறுத்தினால் போதும்

நல்ல செய்தி இங்கேதான். பெரியவர்களிடம் இல்லாத ஒரு வசதி குழந்தைகளிடம் இருக்கிறது. அவர்கள் உயரம் வளர்கிறார்கள்.

ஆரம்பத்தில் பார்த்த அந்த 40 கிலோ பையன் ஒரு கிலோகூடக் குறைய வேண்டியதில்லை. அடுத்த ஒன்றரை ஆண்டில் அவன் 148 சென்டிமீட்டர் ஆகும்போதும் 40 கிலோவிலேயே இருந்தால் பி.எம்.ஐ 18.3. பதினொன்றரை வயதுக்கு அது கோட்டுக்குள் வந்துவிடும். இரண்டு கிலோ கூடினாலும்கூட கோட்டுக்குள்தான். அதனால்தான் வளரும் பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 'எடையை இறக்கு' என்று சொல்வதில்லை, 'ஏறாமல் பார்த்துக்கொள்' என்கிறார்கள். பேலியோ, பட்டினி, யூடியூப் டயட் எதையும் குழந்தையிடம் முயற்சி செய்யாதீர்கள். வளர்ச்சிதான் அடிபடும். பருமன் அதிகமாகி, கூடவே வேறு பிரச்னைகளும் வந்துவிட்ட பிள்ளைகளுக்கு மட்டும் கதை வேறு. அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது? குடிக்கிறதிலிருந்து. சோற்றில் கைவைப்பதற்கு முன்னால் டம்ளரைப் பாருங்கள். ஒரு நாளில் சேர்க்கப்படும் சர்க்கரை, மொத்தக் கலோரியில் 10 சதவிகிதத்துக்குள், முடிந்தால் 5 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 1,600 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு 5 சதவிகிதம் என்பது 20 கிராம், சின்ன ஸ்பூனில் ஐந்து. கால் லிட்டர் கோலா பாட்டில் ஒன்றிலேயே 26 கிராம் சுமார் இருக்கிறது. முடிந்தது அன்றைய கோட்டா. பாலில் கலக்கும் பவுடர்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே ஆன்லைன் கடைகளுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பாக்கெட்டைத் திருப்பி, '100 கிராமில் சர்க்கரை' என்ற வரியைப் பாருங்கள். 'ஒரு முறை பரிமாறும் அளவு' என்ற வரி எப்போதும் சின்ன எண்ணாகத்தான் இருக்கும், அதில் ஏமாறாதீர்கள். வெறும் பால் குடிக்கப் பழக இரண்டு வாரம் ஆகும். அந்த இரண்டு வாரம் வீட்டில் கொஞ்சம் சத்தமாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்தது நாலரை மணிப் பசி. உண்மையான போர்க்களம் அதுதான். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு ஸ்நாக்ஸ் கொடுக்காமல், மதியச் சாப்பாட்டையே அப்போது கொடுங்கள். இரண்டு இட்லி, தோசை, சுண்டல், முட்டை, தயிர் சாதம், எது முடியுமோ அது. அந்த நேரத்தில் வயிறு நிறைந்தால் பஃப்ஸும் வராது, ஒன்பதரை மணி விருந்தும் சுருங்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது சொல்வதுபோல் சுலபமில்லை. ஆனாலும் குக்கரில் சுண்டல் வேகவைத்து வைத்துவிட்டுப் போவது, கடைக்குக் காசு வைத்துவிட்டுப் போவதைவிடப் பெரிய வேலையில்லை.

தூக்கத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது வேண்டும், 13 முதல் 18 வயதுக்கு 8 மணி நேரமாவது. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பு தேடும். ஆறு மணிக்கு எழ வேண்டிய பத்து வயதுப் பிள்ளை ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். நம் வீடுகளில் அது சீரியல் நேரம், ரீல்ஸ் நேரம்.

பேச்சிலும் கவனம் வேண்டும். 'குண்டூஸ்', 'பூசணிக்கா' என்று செல்லமாகக் கூப்பிடுவது நமக்குத்தான் செல்லம். எடையை வைத்துக் கேலி செய்யப்படும் பிள்ளைகள் எடை குறைவதில்லை, மேலும் கூடுகிறார்கள் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒளித்துவைத்துத் தின்பதும், விளையாட்டு மைதானத்துக்கே வரமாட்டேன் என்பதும் அங்கிருந்துதான் தொடங்கும். ஒரு பிள்ளைக்கு மட்டும் சப்பாத்தி, தம்பிக்கு ஐஸ்க்ரீம் என்ற ஏற்பாடும் வேண்டாம். மாற்றம் என்றால் அப்பாவின் தட்டிலும் தெரிய வேண்டும்.

பள்ளியைக் கேளுங்கள்

வீட்டில் எவ்வளவு செய்தாலும் விழித்திருக்கும் நேரத்தில் பாதி பள்ளியில் போகிறது. பள்ளிக்கும் விதிகள் இருக்கின்றன. கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமுள்ள உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், அதன் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் விற்கவோ விளம்பரப்படுத்தவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-லேயே விதி போட்டுவிட்டது. இது எல்லாப் பள்ளிகளுக்கும் பொருந்தும். உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் நின்று 50 மீட்டரைக் கண்ணால் அளந்து பாருங்கள், எத்தனை பாக்கெட் தொங்குகிறது என்று. சி.பி.எஸ்.இ பள்ளி என்றால், எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை என்று காட்டும் 'சர்க்கரை பலகை' வைக்கும்படி 2025 மே மாதம் சுற்றறிக்கை போயிருக்கிறது. 4 முதல் 10 வயதுப் பிள்ளைகளின் கலோரியில் 13 சதவிகிதமும், 11 முதல் 18 வயதில் 15 சதவிகிதமும் சர்க்கரையிலிருந்து வருகிறது என்று அந்தச் சுற்றறிக்கையே சொல்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பலகை எங்கே என்று கேட்கலாம். கேன்டீனில் என்ன விற்கிறது, வாரத்தில் எத்தனை பி.டி பீரியட் உண்மையில் மைதானத்தில் நடக்கிறது என்றும் கேட்கலாம். கணக்கில் ஏன் மார்க் குறைந்தது என்று கேட்கும் அதே குரலில் கேளுங்கள்.

பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கும் வழக்கத்தை ஒரு பள்ளி நிறுத்தினால், 40 பேர் வகுப்பில் வருடத்துக்கு 40 சாக்லேட் மிச்சம். பென்சில் கொடுத்தால் பிள்ளைகள் சண்டை போட மாட்டார்கள், பெற்றோர்கள்தான் போடுவார்கள்.

பல பள்ளிகளின் ரிப்போர்ட் கார்டில் மார்க்குக்கு மேலேயோ பின்பக்கத்திலோ 'உயரம்', 'எடை' என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். சில சமயம் காலியாக இருக்கும், சில சமயம் போன வருட எண்ணே திரும்ப வந்திருக்கும். நீங்களே அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல், சுவரோடு சுவராகக் குதிகாலை ஒட்டி நிறுத்தி உயரம். பள்ளி பேக் இல்லாமல், மெல்லிய உடையில் எடை. தொப்புளுக்குச் சற்று மேலே டேப்பைச் சுற்றி இடுப்பளவு. இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தொட்டால் வயிற்றுக் கொழுப்பு கூடுகிறது என்று அர்த்தம். அதாவது 140 சென்டிமீட்டர் உயரப் பிள்ளைக்கு 70. மூன்று எண்களையும் தேதியோடு பீரோ கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும், தினமும் தராசில் ஏற்ற வேண்டாம். நாலு முறை எழுதியபிறகு அந்தக் கதவை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள்.